ஊறல்

நுரை போட்டபின் பத்து நிமிடம்
கழுவக் கூடாது என்றாள் நாய் டாக்டர்.
மருந்து தோலுக்குள் இறங்க வேண்டுமாம்.
போத்தலிலும் அப்படியே போட்டிருக்கிறது.
நனைந்த நாயைப் பத்து நிமிடம்
எதைக்கொண்டு பிடித்து வைப்பது என்று
போடவில்லை.

மெர்பேங்கில் ஜூலை.
மழை கிடையாது. மலைப்பக்கக் காற்று
உதட்டைக் கீறிவிட்டுப் போகிறது.
எண்ணெய் ஆலைப் புகைக்கூண்டு
அழுகிய முட்டை வாசனையை
எங்கள் கொடியில்தான் உலர்த்துகிறது.
இந்தத் தெருவில் பாதிப் பேருக்கு இழுப்பு,
மீதிக்குச் சொறி.
நாயும் தெருவோடு சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

பெயர் இங்கோசி.
டிரான்ஸ்பார்மர் பெட்டியில்
மண்டையோட்டுக்குக் கீழே
அபாயம் என்று மூன்று மொழியில் இருக்குமே,
அதில் மூன்றாவது.
எங்கள் சலவை ஆலை வாட்ச்மேன் ம்தெத்வா
திருடன் பயப்படட்டும் என்று வைத்தது.
இதுவோ
பூனைக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கும்.

ஏப்ரலில் அவரை நோங்கோமாவுக்குக் கொண்டுபோனார்கள்,
பெட்டியில்.
வேனில் நாய்க்கு இடமில்லை.
கேட்டருகே மூன்று நாள் கிடந்தது.
நான்காம் நாள் என் கார்க் கதவு திறந்திருந்தது.
யாரும் யாரையும் கேட்கவில்லை.

முதுகெல்லாம் செதில்.
வாலடியில் மயிர் உதிர்ந்து
யானைக் காது மடிப்புப் போலத் தோல்.
ராத்திரியில் பின்னங்கால் சொறியச் சொறியத்
தரையில் டக் டக் டக் டக்.
கீழ்வீட்டு மொகாம்பாள் எழுந்து போய்
இரண்டு முறை கதவைத் திறந்து பார்த்தாளாம்.

குளியல் தொட்டியில் இளஞ்சூட்டுத் தண்ணீர்.
எட்டு மணிக்குக் கரண்ட் போய்விடும்,
அதற்குள் முடிக்க வேண்டும்.
ஆஸ்பத்திரி விரிப்பு வெளுத்து வெளுத்து
என் விரலிடுக்குகள் வெடித்திருக்கின்றன.
தண்ணீரில் கை வைக்காதே என்கிறார் என் டாக்டர்.
வைத்துக்கொண்டே இரு என்கிறாள் நாயின் டாக்டர்.
ஓட்ஸ் கரைத்த வாளி ஒரு பக்கம்.
மைக்ரோவேவில் பத்து நிமிடம் முடுக்கிவிட்டு
சட்டைக் கையை மடித்தேன்.

எனக்குத் தெரிந்த ஜூலு எட்டுச் சொல்.
வா, போ, நன்றி, எவ்வளவு, நாளைக்கு,
இன்னும் மூன்று.
இரண்டாம் நிமிடத்திலேயே தீர்ந்துவிட்டன.
கடைசியில் கையில் நின்றது ஹ்லாலா.
உள்ளங்கையைக் கவிழ்த்து
ம்தெத்வா அதைத்தான் சொல்வார்.
உட்கார் என்றாலும் அது. போகாதே என்றாலும் அது.
எங்கே குடியிருக்கிறாய் என்று என்னைக் கேட்டபோதும்
அதே சொல் உள்ளே கிடந்தது.

ஹ்லாலா என்றேன்.
நாய் அசையாமல் நின்றது.
என்னைப் பார்க்கவில்லை.
என் தோளுக்குப் பின்னால்
கதவைப் பார்த்தது.

பிறகு நான் அந்தச் சொல்லை எடுக்கவில்லை.

கரண்ட் சொன்ன நேரத்துக்கு முன்பே போனது.
மைக்ரோவேவின் மீதி நிமிடங்களும் கூடவே போயின.
இருட்டில் ஈர நாய், எரியும் கை,
எத்தனை நிமிடம் என்று தெரியாத நுரை.
வாயில் வந்ததைப் பேசினேன்:
ஓவர்டைம் காசில் பிடித்த இருநூறு ராண்ட்,
தேவநாயகியின் இரண்டு நகத்தைத் தின்ற இஸ்திரி உருளை,
ஏப்ரலில் சாவு வீட்டுக்கு லீவு கேட்டு
நீ என்ன சொந்தமா என்ற சூப்பர்வைசர்,
எதுவும் சொல்லாமல்
விரிப்பு மடிக்கப் போன நான்.

கேட்டுக்கொண்டே இருந்தது
தொட்டி விளிம்பில் திடீரென்று முன்கால் வைத்தது.
இரு, என்றேன்.
யோசிக்கவில்லை.
குழம்பு பொங்கும்போது, போன் அடிக்கும்போது,
வாசலில் ஆள் நிற்கும்போது
தானாக வருமே, அப்படி வந்தது.
இருடா.
முன்கால் மெதுவாக
தண்ணீருக்குள் திரும்பி இறங்கியது.

உட்காரவும் அது, போகாதிருக்கவும் அது,
சாகாமல் கிடப்பதற்கும் அதுவே.
இத்தனை வருஷம் குழம்பிடம்
சொல்லிக்கொண்டிருந்தேன்.

பத்தா இருபதா, கழுவும்போது தண்ணீர் சில்லிட்டிருந்தது.
ஓட்ஸ் கஞ்சி முதுகில் வழிய வழிய
ஒரு முறை உடம்பை உதறியது.
கூரை, மெழுகுவர்த்தி, என் கண்ணாடி, எல்லாம் போச்சு.
வீட்டிலேயே சுத்தமான ஒரே துண்டில்
போய்ப் புரண்டது அபாயம்.

நடு ராத்திரி மறுபடி டக் டக்.
நேற்றைவிடக் குறைவா, தெரியவில்லை,
நேற்று எண்ணவில்லை.
படுக்கையில் நான் விரலிடுக்கைச் சொறிந்தேன்.
அங்கே தட்டல் நின்றது,
காது கொடுப்பது போல.
பிறகு இரண்டு பேரும் தொடர்ந்தோம்.

வியாழக்கிழமை மறுபடியும் என்கிறது போத்தல்.