ஃபெரிக்கு முதுகு கிடையாது

வயதுக்கும் உயரத்துக்கும் நடுவில்
ஒரு கட்டம்:
மேலா, கீழா, இரண்டுமா?
சாமான் பட்டியல் கேட்பதுபோல் கேட்டது போன்.

நான் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச்
செய்வினை, செயப்பாட்டுவினை நடத்துகிறவன்.
வேலன் பந்தை எறிந்தான்.
பந்து வேலனால் எறியப்பட்டது.
ஒரே பந்து, ஒரே எறி.
இரண்டாவதைச் சொல்லும்போது மட்டும்
வேலன் குரல் ஏன் இறங்குகிறதோ.

என் மீசையைப் பார்த்தவர்கள்
கட்டத்தை எனக்காக நிரப்பிவிட்டார்கள்.
ஆறடி. கரகரத்த தொண்டை.
தண்ணீர்மலைக்குக் காவடி சுமந்த தோள்.
ஜெலுத்தோங்கில் ஒருவன்,
என் ஆசை வேறு என்று சொன்னதும்
தே ஓ ஐஸைப் பாதியில் வைத்துவிட்டுக்
கார் சாவியைத் தேடினான்.
ஏமாற்றிவிட்டேனாம்.
தம்பி, இது விளம்பரப் பலகை இல்லை.
அப்பாவின் மீசை. தானாக வந்தது.

அதன்பிறகு ஏழு வருடம்
மீசைக்குத் தகுந்தபடி நடந்துகொண்டேன்.
பிறர் எழுதிய வாக்கியத்தில்
எழுவாயாக நிற்பது
கால் வலிக்கிற வேலை.

தர்வினைப் பார்த்தது பழைய ஃபெரியில்.
கீழ்த்தட்டில் மோட்டார் சைக்கிள்கள், எண்ணெய் வாடை.
"மேல வர்றீங்களா?" என்றான்.
சிரித்துவிட்டேன்.
ஒரு நொடி விழித்தான், பிறகு
காது மடலைச் சொறிந்துகொண்டு,
"படிக்கட்டச் சொன்னேன் லா."
இப்படித்தான் தெரிந்துகொண்டோம் ஒருவரையொருவர்.

பாயான் லெப்பாஸில் சிப் தொழிற்சாலை, இரவு ஷிப்ட்.
ஒல்லி. குரல் இழையும்.
லைனில் அவனை 'அக்கா' என்பார்களாம்.
அவன் கட்டத்தையும் ஊரே நிரப்பி வைத்திருந்தது.
அதுவும் தப்பு.
கம்பியில் சாய்ந்து காட்டினான்:
"இந்த ஃபெரி திரும்பவே திரும்பாது, கவனிச்சீங்களா?
ரெண்டு பக்கமும் மூக்கு.
இதுக்கு முதுகே கிடையாது."
தீவுக்குப் போகத்தான் காசு.
திரும்பி வர யாரும் கேட்பதில்லை.

முதல் இரவு அவன் கேட்டது,
"உங்களுக்கு என்ன பிடிக்கும்?"
முப்பத்தொரு வயது எனக்கு.
அதுவரை வந்தவர்கள் எல்லாம்
"நீ எது?" என்றுதான் கேட்டிருந்தார்கள்.
ஃபேனைப் பார்த்தேன். மூன்றாம் எண்ணில் ஓடியது.
அதை இரண்டுக்குக் குறைத்துவிட்டு வந்து
சொன்னேன்.
"சரி" என்றான்,
ரொட்டிக்குப் பருப்பு போதுமா என்றால் சொல்கிற சரி.

சில இரவு அப்படி.
சில இரவு மாற்றி.
அவனுக்கு ஒன்று கொஞ்சம் அதிகம் பிடிக்கும்,
எனக்கு மற்றது; சண்டையும் போட்டிருக்கிறோம்.
பல இரவு ஷிப்ட் அசதி, திருத்தாத நோட்டுகள்.
என் கெண்டைக்காலில் அவன் குதிகால்,
அவ்வளவுதான்.
அதற்குக் கட்டத்தில் இடமில்லை.

சட்டத்துக்கு இந்தக் குழப்பமே கிடையாது.
மேல் கீழ் பாராமல்
இருவருக்கும் ஒரே பிரிவு, ஒரே பிரம்பு.
எங்களைச் சரிசமமாய் நடத்துவதில்
அதை மிஞ்ச ஆளில்லை.

விஷயம் தெரிந்த ஒரே நண்பன் புவனேஸ்.
நாசி கண்டார் கடையில் ஆரம்பித்தான்:
"உங்க ரெண்டு பேர்ல யாருடா…"
மீதியைக் குழம்பில் தோய்த்து விழுங்கினான்.
"உன்னயும் சுகுணாவயும் நான் கேட்டேனா?"
யோசித்தான்.
கணவாய்த் துண்டு ஒன்றை எடுத்து
என் தட்டில் வைத்தான்.

இன்று வகுப்பில் தோன்றா எழுவாய்.
'வந்தேன்' என்று பலகையில் எழுதி
எழுவாயைக் கண்டுபிடிக்கச் சொன்னேன்.
பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்துவந்து
பலகைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.
வகுப்பு அடங்க ஐந்து நிமிடம்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.
இரவு ஷிப்ட் முடிந்து, அக்கரையிலிருந்து
தர்வின் அனுப்பியிருந்தான்:
'வந்துட்டேன்.'