ஒன்பதாம் நிபந்தனை

ஹம்டன் லேனில் மூன்றாம் மாடி.
படுக்கையறை யன்னலைத் திறந்தால்
பக்கத்து மாடியின் தண்ணீர்த் தாங்கி.
கடல் அதற்குப் பின்னால் எங்கோ,
வாடகையில் மட்டும் தெரியும்.
மாதம் எழுபத்தைந்து.

இங்கே நாலு சதுர அடிக்குக் கேட்கிற காசில்
குருநாகலில் ஒரு பேர்ச் வாங்கலாம்,
வளவில் மாமரமும் நிற்கிறது என்று
புரோக்கர் லால் சொன்னபோது
நான் மாமரத்தை நினைக்கவில்லை.
வாடகை நாற்பது. வங்கித் தவணை முப்பத்தெட்டு.
நாற்பதில் முப்பத்தெட்டுப் போனால்
மாதம் இரண்டாயிரம் தானாய் வந்து விழும்,
நான் நித்திரை கொண்டாலும் வீடு உழைக்கும்.
கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் எழுதித்
தயாபரனுக்குக் காட்டினேன்.
"ஆண்டிகள் கூடி மடம் கட்டுறம்" என்றார்.
என்றாலும் சேமலாப நிதியில் எடுக்கக்கூடியதை எடுத்துத் தந்தார்.
என்ர எட்டுப் பவுண் அடகுக்குப் போனது.

நொத்தாரிசு உறுதியை வாசித்தார்.
வடக்கே யாரோ ஒருவரின் தென்னந்தோட்டம்,
கிழக்கே வாய்க்கால்,
மற்ற இரண்டு திசையும் அவர் வேகத்தில் தவறிப்போயின.
தடங்காமல் விளங்கிய ஒரே சொல் என் பெயர்.

அந்த வீட்டில் ஓர் இரவும் நான் படுத்ததில்லை.
மூன்று தரம் கோட்டையில் ரயிலேறிப் போனேன்,
மூன்று தரமும் பொழுதுபடமுன் திரும்பினேன்.
ஆனால் அதன் வருத்தங்கள் எல்லாம் எனக்குத் தெரியும்.
தண்ணீர் மோட்டர் எரிந்தது: இருபத்திரண்டாயிரம்.
குசினிக் கூரை ஒழுகுவது வீடியோவாய் வந்தது.
சட்டிக்குள் துளி விழும் சத்தத்தைக்
காலி வீதி பஸ் இரைச்சலுக்குள்
காதோடு ஃபோனை அழுத்திக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

பிறகு வட்டி ஏறியது.
மிதக்கும் வட்டி என்று கடிதத்தில் போட்டிருந்தார்கள்.
மிதப்பது அது. தாழ்வது நாங்கள்.
தவணை ஐம்பத்திரண்டு.
"அன்ரி, கையெழுத்து வைச்சது நீங்கள்தானே" என்று
வங்கிப் பொடியன்
ஒரு ரொஃபியை நீட்டினான்.
எடுத்தேன்.

போன வெள்ளி, தொழுகை முடிந்து
பாறூக் ஹாஜியார் மாடியேறி வந்தார்.
மூச்சு வாங்க இருந்தார், தேத்தண்ணி குடித்தார்,
மின்விசிறியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.
"வட்டி ஏறிட்டுது மகள், நான் என்ன செய்ய?
இந்த ஃபிளாட்டும் லோன்லதானே."
எண்பத்தைந்து.

அவர் வாயிலிருந்து வந்த வசனம்
என் ஃபோனில் ஏற்கெனவே கிடந்தது,
சிங்களத்தில், இனோகாவுக்கு,
நாலு நாளாய் அனுப்பாமல்.
அவர் செருப்புச் சத்தம் இறங்கி முடிய அனுப்பினேன்.
நாலாயிரம் என்றிருந்ததை மூவாயிரம் ஆக்கி.
இரக்கம் என்று நினைக்க வேண்டாம்.
அவள் எழும்பிப் போனால்
வெறும் வீட்டுக்கும் தவணை அதேதான்.

இனோகா ஆஸ்பத்திரித் தாதி, இரவு முறை.
பதில் இரண்டு மணிக்கு வந்தது.
"சரி மிஸ்.
ஒன்று கேட்கலாமா?
சுவரில் ஓர் ஆணி அடிக்கட்டா?"

ஒன்பதாம் நிபந்தனை: சுவர்களில் ஆணி அறைதல் ஆகாது.
அந்த ஒப்பந்தம் நான் எழுதியதல்ல.
ஹாஜியார் எங்களுக்குத் தந்ததைக் கொண்டுபோய்ப்
பெயர்களையும் தொகையையும் மாற்றி
மொழிபெயர்ப்பிக்கக் கொடுத்தேன்.
பதினொரு வருடமாய் எங்கள் கலியாணப் படம்
அலுமாரிக்குப் பக்கத்தில் தரையில் சாய்ந்து நிற்கிறது.
கூட்டும்போது தள்ளி வைப்பேன்,
கூட்டி முடிய திரும்பவும்.
தயாபரனின் வேட்டிக் கரையோரம்
கண்ணாடிக்குள் ஈரம் ஏறிவிட்டது.

என்ன படம் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.
"ஒன்று" என்று அனுப்பினேன்.
போர்வையை இழுத்துக்கொண்ட பிறகு
திரும்ப ஃபோனை எடுத்து,
"இரண்டென்றாலும் பரவாயில்லை."