நல்ல ஒலி

ஜனவரி விடியலில், ஓடர் ஆற்றுக்கு இந்தப் பக்கம்
ஒரு சிறு நிலையத்தில்,
அகுஸ்டின் பியெல்கா சுத்தியலால் தட்டினார்.
நாலாவது பெட்டியின் பின்சக்கரம்
கணீரென்றது.
கையைக் காட்டினார். ரயில் போயிற்று.
பதினோரு மைல் போயிற்று.

'ஒலித்ததா?' என்று விசாரணையில் கேட்டார்கள்.
'ஒலித்தது, ஐயா. மாதாகோயில் மணிபோல.'

முறிந்த அச்சின் முகத்தை விளக்கருகே வைத்தார்கள்.
விளிம்பிலிருந்து உள்நோக்கி வரிவரியாய்,
சிப்பியின் முதுகுபோல,
தேய்ந்து கறுத்த பழைய காயம்.
நடுவில் மட்டும், ஒரு தாலர் நாணய அகலத்துக்கு,
அன்றைக்கு உடைந்த வெள்ளை.
அவ்வளவுதான் தாங்கியிருக்கிறது
நாற்பத்திரண்டு பேரையும், தபால் மூட்டைகளையும்,
கூண்டிலிருந்த ஒரு சேவலையும்.

அதிர்ந்து அதிர்ந்து இரும்பு படிகமாகிவிட்டது
என்றார் பெர்லினிலிருந்து வந்தவர்.
உலைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றார் இன்னொருவர்.
அதுவரை இரும்பைத் தொங்கவிட்டுப் பார்த்திருந்தார்கள்,
இழுத்துப் பார்த்திருந்தார்கள்,
ஒரே மூச்சில் எவ்வளவு சுமப்பாய் என்று கேட்டிருந்தார்கள்.
எத்தனை நாள் என்று
கேட்கத் தோன்றவில்லை.

பட்டறையின் வடக்கு மூலைக்கு ஒரு யந்திரம் வந்தது.
தண்டைச் சுழற்றும்; வில்சுருள் அதன் நுனியைக் கீழே இழுக்கும்.
மேலே நீண்ட அதே தோல்
அரைச் சுற்றில் அடியில் போய்ச் சுருங்கும்.
பார்த்தால் ஒன்றும் நடக்காது.
பித்தளை எண்காட்டியில் மட்டும் நடக்கும்.
பியெல்காவுக்கு இனிச் சுத்தியல் கிடையாது.
எண்ணெய்க் குவளை, பென்சில், நோட்டு.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்கிறோம் நாம்.
என்ன எடை எறும்பு?
எத்தனையாவது எறும்பில்?
அதை எழுதிவைத்தது அந்தப் பென்சில்.

கனத்த சுமையில் ஒரு லட்சத்துக்குள் முறிந்தது.
குறைத்தார்கள்: ஏழு லட்சம்.
இன்னும் குறைத்தார்கள்.
ஓர் இலையுதிர்காலம், ஒரு பனிக்காலம்,
ரோஸினா காய்ச்சலில் கிடந்த ஒன்பது இரவு,
எல்லாம் சேர்ந்து முப்பத்தெட்டு லட்சம்.
ஒவ்வொரு முறிவையும் குனிந்து பார்த்தார்.
அதே சிப்பி. அதே நாணயம்.

கடைசித் தண்டு முறியவில்லை.
மூன்று வருடம். இரண்டரைக் கோடி.
பொறியாளரின் தாளில் இறங்கிவந்த கோடு
அங்கே வந்து படுத்துக்கொண்டது.
'இதற்குக் கீழே இரும்புக்கு அலுப்பில்லை' என்று
பெல்ட்டைக் கழற்றச் சொன்னார்.
யந்திரம் நின்றது.
பியெல்காவின் வலது கால்
இன்னும் கொஞ்சநேரம் தரையில் தட்டிக்கொண்டிருந்தது.

கழிவுக் குவியலிலிருந்து அந்தத் தண்டை
கோட்டுக்குள் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுபோனார்.
இரவில் கரண்டியால் தட்டினார்.
கணீர்.
மறுபடி.
ரோஸினா புரண்டு படுத்து, 'என்ன?' என்றாள்.
'நன்றாகத்தான் ஒலிக்கிறது' என்றார்.
விளக்கைத் தூண்டிவிட்டு,
பூதக்கண்ணாடியைத் தேடினார்.