எட்டாவது டிராக்

லிங்கராஜபுரத்தில் மேம்பாலம் வருவதற்கு முன்பு
ரயில்வே கேட்டிலிருந்து நாலாவது கட்டடம்.
கீழே மாவு மில். மேலே நான்.
மில் ஓடினால் பேஸ் கிட்டாரைப் பதிய முடியாது.
மில் நின்றால் கரண்ட் போயிருக்கும்.
இரண்டுக்கும் நடுவில் தப்பிய நேரத்தைத்தான்
மணிக்கு நூற்றிருபது ரூபாய்க்கு விற்றேன்.

சுவரெல்லாம் டேனரி ரோடு மெத்தைக்கடைப் பஞ்சு.
அடைமழையில் அது ஊறி நாறும்,
பாடுகிறவர்கள் தும்முவார்கள்.
ஒரு பக்திக் கேசட்டில்
இரண்டாம் சரணத்துக்குச் சற்று முன்னால் ஒரு தும்மல் உண்டு.
இன்றுவரை யாரும் புகார் சொல்லவில்லை,
சுவாமி உட்பட.

எண்பத்தேழு ஆகஸ்டில்
'மூன்றாவது கிராஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டு
நாலு பேர் படியேறி வந்தார்கள்.
அந்த நாலு பேரில் ஒருவர்கூட
எந்த மூன்றாவது கிராஸிலும் குடியிருக்கவில்லை.

புளோரா டிரங்க் கால் ஆபரேட்டர்.
காதல் பாட்டையும்
லைன் கிடைக்குமா பார்க்கிறேன் என்கிற குரலில்தான் பாடுவாள்.
ஆரோக்கியநாதன் தங்கவயல்.
மாரிக்குப்பம் ரயிலில்
கிட்டாரைக் கோணியில் சுற்றிக்கொண்டு வருவான்,
யாராவது கேட்டால் கடப்பாரை என்பான்.
மக்தூம் சிவாஜிநகர் கல்யாண பேண்டிலிருந்து
கீபோர்டை இரவல் எடுத்து வந்து
விடியுமுன் திருப்பி வைத்துவிடுவான்.
டிரம்ஸ், பிரிட்டோ.
பிரிட்டோ பேசி நான் கேட்டதில்லை.

பதினோரு இரவு, ஆறு பாட்டு.
பாதிப் பணம் தந்தார்கள்.
மீதிக்கு வருகிறோம் என்றார்கள்.

அரை இஞ்ச் டேப், வெளிநாட்டுச் சரக்கு,
ஒரு ரீல் என் ஒரு மாத வாடகை.
ஒன்பது வாரம் காத்திருந்தேன்.
அதையாவது சொல்லிக்கொள்கிறேன்.
பத்தாவது வாரம்
ஜெயநகர் புடவைக்கடைக்காரர் வந்தார், தீபாவளி விளம்பரம்,
முழுப்பணமும் முன்பணமாக.
அதே ரீலை மாட்டினேன்.
சிவப்பு பட்டனை அழுத்தியது
இந்த விரல்தான்.

போன மார்ச்சில் பிரிட்டோவின் மகள் வந்தாள்,
கையில் ஹெல்மெட், பெயர் ஷெரில்.
வீட்டில் போட்டோ நிறைய இருக்கிறது அங்கிள்,
சத்தம்தான் ஒன்றுமே இல்லை, என்றாள்.
டேப் ஒட்டிக்கொண்டிருக்கும்,
எட்டு மணி நேரம் இளஞ்சூட்டில் வைக்கவேண்டும் என்றேன்.
சிரித்தாள்.
ரொட்டி மாதிரியா?
ஆமாம், ரொட்டி மாதிரி.
அதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும்.
சொல்லத்தான் வாய் வரவில்லை.

ஒன்றிலிருந்து ஏழு வரை புடவை.
பட்டு, பார்டர், பத்து சதவீதத் தள்ளுபடி,
ஒவ்வொரு டிராக்காக ஏற்றி இறக்கினேன்.
எட்டாவதை ஏற்றினேன்.

எட்டாவது
புடவைக்குத் தேவைப்பட்டிருக்கவில்லை.

அதில் பிரிட்டோவின் டாம்பரின்.
கடைசிப் பல்லவிக்கு மட்டும் அது வேண்டியிருந்தது.
அதுவரை இரண்டு நிமிடம் நாற்பது நொடி
மைக்கின் முன்னால் உட்கார்ந்திருக்கிறான்.
நாற்காலி முனகுகிறது.
சலங்கைத் தகடு ஒன்று தொடையில் உரசி அடங்குகிறது.
எச்சில் விழுங்குகிறான்.
அவன் காதில் மாட்டிய ஹெட்போனிலிருந்து ஒழுகி,
மிக மிகத் தூரத்தில்,
ஒரு தீப்பெட்டிக்குள் வாசிப்பதுபோல்
புளோரா, மக்தூம், தங்கவயல்காரன்,
நான் அழித்த பாட்டு முழுசும்.

மூன்று தடவை கேட்டாள்.
அப்பா பாடுகிறாரா அங்கிள்?
இல்லைம்மா. காத்திருக்கிறார்.

பிறகு டாம்பரின் வருகிறது,
ஒரு கால் தட்டு தாமதமாக.
அன்றைக்கு அதற்காகத் திட்டியிருந்தேன்.
கடைசியில் ஒரு ஆண்குரல்:
போதும், ஆஃப் பண்ணு, மீட்டர் ஓடுது.

இது யார் என்று கேட்டாள்.
பென் டிரைவைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன்.
கேட் இருந்த இடத்தின் மேலே,
பாலத்தில்,
லாரிகள் போய்க்கொண்டிருந்தன.