பதினேழாவது துப்பாக்கி

தேர்தல் தேதி வந்த மறுநாள்
குலசேகரம் ஸ்டேஷன் வாசலில்
துப்பாக்கிகள் வரிசையில் நின்றன.
சில பழைய வேட்டியில், சில உரச்சாக்கில்,
ஒன்று குழந்தையின் ஸ்வெட்டரில்.
நான் ரைட்டர்.
எண்ணைப் படிப்பேன், பதிவேட்டில் ஏற்றுவேன், ரசீது கிழிப்பேன்.
அபிப்பிராயம் சொல்வது என் வேலையில் இல்லை.

றசாலம்தான் ஆரம்பித்தார்.
"எலக்‌ஷன் வந்தா நான் ரவுடி ஆயிருவேனாக்கும்?
ஒம்பது வருசமா ஒரு பன்னியையும் நேரா சுட்டதில்ல.
மேல பாத்து வெடி வைப்பேன், அது ஓடும்.
எனக்கு நடத்தை விதி, சரி.
மரச்சீனி விளையில ராத்திரி ஏறுத பன்னிக்கு
எவன் ஓய் விதி போட்டான்?"

தாணுலிங்கம் வங்கிக் கவுன்டரில்
முப்பத்தொரு வருடம் பணம் எண்ணியவர்.
அப்பாவின் இரட்டைக்குழலை பீரோவுக்கு வெளியே
தேர்தலுக்குத் தேர்தல்தான் எடுப்பார்.
"எல்லார் கையிலும் இருந்தா அது உரிமையில்ல, பயம்.
நோட்டு மாதிரிதான். இஷ்டத்துக்கு அடிச்சு விட்டா
ஒரு சாயா நூறு ரூவா ஆயிரும்.
ஒருத்தன் பூட்டி வைக்கணும்,
எண்ணி எண்ணி வெளியே விடணும்."

"அந்த ஒருத்தனை யாரு எண்ணுதது?"
சாக்கை அவிழ்த்தபடி மைதீன் பிச்சை.
"பம்பாயில மீட்டிங் போட்டு
வட்டியில கால் சதம் கொறச்சாச்சுன்னு டிவில சொல்லுதான்.
அந்தக் கால் சதம் என் லோனுக்கு
நடந்துல்லா வருது, இன்னும் வந்து சேரல்ல.
ஏறும்போது மட்டும் பிளேன்ல வந்தது."
வரிசை சிரித்தது. பாரா நின்றவனும்.

பேச்சு ரப்பருக்குத் தாவியது.
கோட்டயத்தில் காலையில் சொல்லும் விலை
இங்கே கடைக்காரன் வாயில் வரும்போது மெலிவது,
ஒட்டுப்பால் நாற்றம் போல
சோப்புப் போட்டாலும் கையை விடாத வட்டி.
ஹூஸ்டனில் மகன் இருக்கிற ஒருவர்
அங்கே துப்பாக்கி தேங்காய் மாதிரி கிடைக்கும்,
அதுதான் சுதந்திரம் என்றார்.
"உம்ம பேத்தி பள்ளிக்கூடத்துல
மேசைக்கடியில ஒளிய டிரெயினிங் எடுக்காளே,
அதையும் சொல்லும்" என்றார் தாணுலிங்கம்.
அதன் பிறகு அந்த மனிதர்
சாக்கு முடிச்சைப் பார்த்தபடியே நின்றார்.

பதினேழாவது லில்லி புஷ்பம்.
கணவன் போனபின் பெயர் மாற்றிய ஒற்றைக்குழல்.
ஜெராக்ஸ் கடையில் மிஞ்சிய நூறு ரூபாய்த் தாளை
தாணுலிங்கத்தின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.
"சாரே, இதுல வாக்குக் குடுத்திருக்குன்னு சொல்லுவீங்களே, எங்க?"
காட்டினார். இந்தியில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று.
"தமிழ்ல?"
தாளைத் திருப்பினார்.
பதினைந்து மொழி நெருக்கியடிக்கும் கட்டத்துக்குள்
கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தேடினால்,
நூறு ரூபாய்.
அவ்வளவுதான். தருகிறேன் என்று எவரும் எழுதவில்லை.
எண்ணிப் பழகிய விரல்
அந்த இரண்டு சொல்லின் மேல் நின்றது.

என் பக்கம் திரும்பினாள்.
"ஒங்க ரசீதுலயாவது இருக்கா?"
அச்சடித்த படிவம்: பெற்றுக்கொண்டேன்.
நான் பேனாவை எடுத்து அடியில் எழுதினேன்:
வாக்கு எண்ணி முடிந்ததும் திருப்பித் தருகிறேன்.
கையெழுத்து, தேதி.
விதியில் இதற்கு இடம் உண்டா, தெரியாது.
முன்னால் போன பதினாறு பேரும்
ரசீதை நீட்டிக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

மாலையில் அறையைப் பூட்டினேன்.
சட்டைப் பையில் மனைவியின் சங்கிலிக்கு
வங்கி தந்த அடகுச் சீட்டு.
இரண்டு பக்கமும் வாசித்தேன்.
அதில் வாக்குக் கொடுத்திருப்பது முழுக்க நான்.

இரவு ஒன்றே முக்காலுக்கு போன்.
றசாலம்.
"பன்னி ஏறிட்டு சாரே. என்ன செய்ய?"
பின்னால் யாரோ தகரம் தட்டுகிற சத்தம்.
சாவி என் இடுப்பில் இருந்தது.
உள்ளே நாற்பத்து மூன்று துப்பாக்கிகள்.