நிறம் எண் மூன்று

அந்தக் குழியை ஒரே ஒருமுறைதான் வரைந்தேன்.
மூன்றடி அகலம், ஐந்தடி ஆழம்,
கூழாங்கல், கரி, ஆற்றுமணல் என்று
அம்புக்குறி போட்டு.
அடுக்கின் பெயர்: மழை.
நிறம் எண் மூன்று, திரையில் பச்சை.

பிறகெல்லாம் நகல்தான்.
சத்துவாச்சாரி, விருதம்பட்டு, அரியூர்,
ஆஸ்பத்திரிக்குப் பின்சந்து விடுதிகள்,
நூற்றுநாற்பது மனைகளின் வடகிழக்கு மூலையில்
அதே குழியை ஒட்டியிருக்கிறேன்.
மூலை இல்லாத ஒரு மனைக்கு
மாடிப்படிக்கு அடியில்.
அனுமதிக்குப் பச்சை வேண்டும்,
பச்சை இருந்தது.
கொத்தனார் ரேணு சிரிப்பார்:
"உங்க குழியில மட்டும் மேடம்
மண்ணு அள்ற வேலையே இல்ல."

நீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை என்று
இந்த ஊருக்கு ஒரு பழைய பட்டியல் உண்டு.
அதன் கடைசியில்
நானும் ஒன்று சேர்த்திருந்தேன்.

ஆனி மாசம் முனிரத்தினம் வந்தார்.
லாரி டயர் வியாபாரம், காட்பாடியில் மனை.
வங்கிக் காகிதத்தை மேசையில் விரித்தார்:
பசுமை வீடென்றால் வட்டியில் கால் சதவீதம் குறைவு.
இருபது வருஷத்துக்குக் கூட்டி
ஒன்றரை லட்சம் என்று
டயர் பில்லின் பின்பக்கத்தில் வட்டம் போட்டிருந்தார்.
"குழி எங்கம்மா?"
காட்டினேன்.
"இது படம். மேனேஜர் டேப்போட வருவாராம்."

ரேணு அன்று சிரிக்கவில்லை.
நாலாவது அடியில் பாறை.
கம்ப்ரஷர் வாடகைக்கு முனிரத்தினம் முனகினார்,
கால் சதவீதத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்,
எண்ணிக் கொடுத்தார்.
கூரைக்கு வெள்ளைப் பூச்சு, அதற்கு இரண்டு புள்ளி.
சாம்பல் செங்கல், அதற்கு மூன்று.
மனையில் நின்ற வேம்புக்குப் புள்ளி இல்லை.
கார் நிறுத்தும் இடம் விதியில் இருந்தது.
வெட்டினார்கள்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி
மேம்பாலம் இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது.
ஸ்கூட்டரை அவர் வாசலில் நிறுத்தி
ஹெல்மெட்டோடே நின்றேன்.
மொட்டைமாடித் தண்ணீர் குழாய் வழியே இறங்கி
சிமெண்ட் மூடிக்கு அடியில்
கடகடவென்று எதையோ சொல்லிக்கொண்டிருந்தது.
நான் வரைந்த எதுவும்
அதுவரை சத்தம் போட்டதில்லை.

மாடி ஜன்னல் திறந்தது.
"யாரு, மேடமா? ரொம்புதா?"
"ரொம்புது சார்."
"ஒரு போட்டோ எடும்மா, தேதி தெரியற மாதிரி."
எடுத்தேன். மங்கலாகத்தான் வந்தது.

காலையில் அடுத்த மனை.
பாகாயம், ஆயிரத்து இருநூறு சதுரடி.
கடன் ஏதும் எடுக்கிறீங்களா என்று கேட்டேன்.
இல்லை, ரொக்கம் என்றார்.
டேப்போடு யாரும் வரப்போவதில்லை.
கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
வடகிழக்கு மூலையில்
பச்சையை ஒட்டினேன்.