இருமா

சீனன்குடாப் பக்கம், பழைய இறங்குதுறையின் நுனியில்
ஒரு தகரக் கொட்டில். உள்ளே நான், மடிக்கணினி,
ரசீது அச்சடிக்கும் சின்னப் பெட்டி.
வெளியே உருளையில் நாற்பது மீற்றர் கம்பி,
அதன் நுனியில் வெப்பமானி. விலையைக் கேட்டால்
பவித்திரா அக்கா கண்ணை மூடிக்கொள்ளுவா.

வேலை சின்னது. பூச்சியத்தில் தொடங்கு.
பூச்சியம் தசம் ஒன்றைக் கூட்டு, அவ்வளவு கம்பியை விடு.
ஒன்றுக்குச் சமனானதும் நில்.
சி மொழியில் ஐந்து வரி.
ஓடவிட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் வெறும் உருளை.
தரையெல்லாம் கடதாசி,
நாற்பதைத் தாண்டியும் அச்சாகிக்கொண்டிருந்தது.
றவூப் டோர்ச் அடித்துத் தொடக்கத்தைத் தேடிப் பிடித்தான்:

0.8
0.9
1.0
1.1

"ஒண்டுண்டு வந்திருக்குதானே?
பொறகு ஏன் நிக்கல்ல?"

நான் கேட்டது ஒரேயொரு தசம இடம்.
பெட்டி மட்டந்தட்டிச் சொன்னது.
இருபது இடம் சொல் என்றேன், சொன்னது:

0.99999999999999988898

அதன் வயிற்றில் இருப்பவை
பாதி பாதியாய் வெட்டிய துண்டுகள் மட்டும்:
அரை, கால், அரைக்கால், வீசம், அரைவீசம்,
அதற்கும் கீழே பெயர் வைக்காத பொடிகள்.
பத்தில் ஒன்றுக்கு எங்களிடம் ஒரு சொல் இருந்தது, இருமா.
அதனிடம் இல்லை.
வீசத்தோடு அரைவீசம் சேர்க்கும். போதாது.
இரண்டு துண்டு விட்டு, அடுத்த இரண்டைச் சேர்க்கும். போதாது.
மறுபடி இரண்டு விட்டு, இரண்டு.
விடிய விடியச் சேர்த்தாலும் இருமா வராது.
ஐம்பத்துமூன்று கட்டம் நிரம்பியதும்
கடைசிக் கட்டத்தில் ஒரு துளி கூடப் போட்டு
மூடிவிடும்.

தனியே நிற்கையில் துளி கூட.
பத்துத் தரம் கூட்டினால், ஒவ்வொரு தரமும் மட்டந்தட்டி,
கடைசியில் துளி குறைய.
எண்களைப் பற்றித்தான் சொல்கிறேன்.

விடியமுதல் திருத்திவிட்டேன்.
முழு எண்ணில் பத்து வரை எண்ணு,
காட்டும்போது மட்டும் பத்தால் வகு.
ஒரு நிமிட வேலை.

பிறகு இழப்புப் படிவம்.
பொருள்: வெப்பமானி.
எண்ணிக்கை: ஒன்று. (இது சரியான ஒன்று.)
காரணம்: சமன் குறி என்று எழுதி, வெட்டி,
கவனயீனம் என்று எழுதினேன்.
கடற்படைப் படகு ஒன்று போக, கொட்டில் மெல்ல ஆடியது.
தவறிய இடம்:
பேனை கொஞ்ச நேரம் நின்றது, கம்பி நிற்காத அளவுக்கு.

ஒன்றுக்குச் சற்று முன்னால்.